பதினோராம் நாள்

கேள்வி: எனக்கு வயது 44. மொரீஷியஸில் காத்ர் போர்ன் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. உயரம் 157 செ.மீ., எடை 81 கிலோ. நான்கு வருடமாக ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் "இந்த வருஷம் இளைத்தே தீருவேன்" என்று சபதம் எடுக்கிறேன். தைப்பூசக் காவடி விரதம் வந்தால் பத்து நாளும் அப்பழுக்கில்லாமல் இருப்பேன், மூன்று கிலோ குறையும். காவடி முடிந்த இரண்டே வாரத்தில் எல்லாம் திரும்பிவிடும். போன வருடம் ஜிம்முக்கு ஆறு மாதப் பணம் கட்டி, ஒன்பது நாள் போனேன். இந்த மாதம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி, 6.1 சதவீதம் என்று வந்திருக்கிறது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாக டாக்டர் சொல்கிறார். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. கணவரும் மாமியாரும் "உன்னால எங்க முடியும்" என்று சிரிக்கிறார்கள். எனக்கே மன உறுதி கிடையாதோ என்று தோன்றுகிறது. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? அடுத்த மாதம் குடும்பத்தில் ஒரு கல்யாணம், இலையில் ஏழு சைவக் கறி வைக்கிற ஏழு கறிச் சாப்பாட்டை என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான் நம்பவில்லை. மன உறுதி கிடையாது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. பத்து நாள் மீனும் கோழியும் தொடாமல், தரையில் படுத்து, கடைசி நாள் வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து, காவடியோடு கோர் த கார்ட் மலைக்கோவில் படி ஏறுகிற ஊர் நம் ஊர். நீங்களும் வருடா வருடம் அந்த விரதத்தை முடிக்கிறவர். அப்படிப்பட்டவருக்கு உறுதி இல்லை என்று சொன்னால் முருகனே ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, அப்படியென்றால் பதினோராம் நாள் என்னதான் நடக்கிறது? ரோஸ் ஹில்லில் இருபது வருடமாக உணவு ஆலோசனை சொல்கிறேன். காவடிக்கு அடுத்த மாதம் உங்களைப் போல எத்தனையோ பேர் தலையைக் குனிந்துகொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அந்தப் பத்து நாளைப் பற்றித்தான்: "அப்போது வீடு எப்படி இருந்தது?"

நீங்களும் யோசித்துப் பாருங்கள். கொடியேற்றத்துக்கு முன்பே ஃப்ரீசரில் இருந்த மீனும் கோழியும் காலியாகிவிடும். சைவப் பாத்திரம் தனியாக வெளியே வரும். கணவர் பியர் வாங்கி வைக்கமாட்டார். மாமியார் உங்களுக்கு என்று தனியாகச் சமைக்க வேண்டியதில்லை, வீடு முழுக்க ஒரே சாப்பாடு. பள்ளியில் சக ஆசிரியைகள் "ஒண்ணே ஒண்ணு சாப்பிடு" என்று தட்டை நீட்டமாட்டார்கள், விரதக்காரியிடம் நீட்டினால் பாவம். மாலையில் கோவிலுக்குப் போவதால் நான்கு மணிக்கு டிவி முன்னால் ரொட்டியும் வெண்ணெயுமாக உட்காரும் வேளையே கிடையாது. ஒரு நாளைக்கு நூறு தடவை "வேண்டாம்" என்று உங்கள் மனதோடு நீங்கள் சண்டை போடவில்லை. வீடும் தெருவும் கோவிலும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துகொடுத்தன. பதினோராம் நாள் இந்த ஏற்பாடு எல்லாம் கலைந்துபோகிறது. நீங்கள் மட்டும் தனி ஆளாக, அதே உறுதியோடு, அதே பழைய வீட்டில் நிற்கிறீர்கள். அங்கே யாராயிருந்தாலும் தோற்பார்கள். நானும் தோற்றிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மூன்று கிலோவையும் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,000-க்கு மேல். உங்கள் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பதே சுமார் 2,000 கலோரிதான். அதாவது பத்து நாளும் பச்சைத் தண்ணீரில் இருந்திருந்தால்கூட மூன்று கிலோ கொழுப்பு போயிருக்காது. போனதில் பெரும்பகுதி தண்ணீர். சாப்பாடு குறைந்தால் உடம்பு முதலில் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழிக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து வெளியேறும். பழையபடி சோறும் ரொட்டியும் உள்ளே போனதும் அந்தத் தண்ணீர் திரும்பி வரும். இரண்டு வாரத்தில் நீங்கள் "எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன்" என்று அழுததும் பெரும்பாலும் இந்தத் தண்ணீருக்காகத்தான். உங்கள் வெற்றி நீங்கள் நினைத்த அளவு பெரியதில்லை. தோல்வியும் அப்படித்தான்.

இப்போது நம் தீவின் பழைய கதை ஒன்று. வயதானவர்களுக்கு ரேஷன் எண்ணெய் நினைவிருக்கும். 1987 வரை அதில் பெரும்பகுதி பாமாயில். அந்த வருடம் அரசாங்கம் அதை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றியது. அடுப்படியில் நின்ற அம்மாக்கள் யாரும் சபதம் எடுக்கவில்லை. அதே பாட்டிலில், அதே சட்டியில், அதே கறியைத்தான் சமைத்தார்கள். 1992-ல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. நடந்த மாற்றம் அது ஒன்று மட்டுமல்ல, உடல்நலப் பிரசாரமும் நடந்தது, புகையும் குடியும் குறைந்தன. ஆனால் கொலஸ்ட்ரால் இறங்கியதில் பெரிய பங்கு எண்ணெய்க்கு உண்டு என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகமில்லை. உலகமெங்கும் இந்தத் துறையில் இருப்பவர்கள் மொரீஷியஸ் என்றால் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. அதே ஐந்து வருடத்தில் மக்களின் உடல் பருமன் கூடியது. சர்க்கரை நோயும் இறங்கவில்லை. எண்ணெயின் வகைதான் மாறியது, அளவு மாறவில்லை. பாமாயிலோ சோயாவோ நல்லெண்ணெயோ, எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். இன்றும் இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உங்கள் அம்மாவும் அதில் ஒருவர்.

ஆகவே விரதத்திலிருந்து அதன் ஏற்பாட்டை மட்டும் கடன் வாங்குங்கள், அதன் கடுமை வேண்டாம். எண்ணெயிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அடுத்த பாட்டில் வாங்கும்போது மார்க்கர் பேனாவால் அதன்மேல் தேதி எழுதுங்கள். உங்கள் வீட்டில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு லிட்டர் ஆகிறது என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு எண்ணெய் வழியாக மட்டும் 270 கலோரிக்கு மேல். அதை இரண்டரை லிட்டராக்கினால் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 100 கலோரி குறைகிறது. யாரும் பட்டினி கிடக்கவில்லை, யாரும் தனிச் சமையல் செய்யவில்லை. வழி ரொம்பச் சாதாரணம். பாட்டிலை அப்படியே கவிழ்க்காமல் ஸ்பூனால் ஊற்றுங்கள். பொரிப்பது வாரத்துக்கு ஒரு நாள். ருகாய் என்ற தக்காளிக் கறிக்கு வெங்காயம் வதக்கும்போது பாதி எண்ணெயும் ஒரு கரண்டித் தண்ணீரும் போதும், தக்காளி தானே விட்டுக்கொடுக்கும். மாமியாரிடம் "எண்ணெயைக் குறைக்கிறேன்" என்று அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் அன்றைக்குக் கறியில் ருசி இருக்காது. பேசாமல் செய்தால் மூன்று வாரத்துக்கு யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

அப்புறம் மூன்றரை மணி. உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் ஆசிரியைகள் நிறையப் பேர் என்னிடம் வருவதால் ஊகிக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு அவசரமாக இரண்டு வாய். மூன்று மணிக்குப் பள்ளி மணி அடிக்கும்போது வயிறு காந்தும். பஸ் நிலையத்தில் கத்தோ பிமான் என்ற பருப்பு மிளகாய் வடை எண்ணெயில் குதித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் பருப்பு அடைத்த டால் பூரி ஜோடி ஜோடியாக. வீட்டுக்கு வந்ததும் வனிலா டீ, மூன்று ஸ்பூன் சர்க்கரை, வெண்ணெய் தடவிய ரொட்டி. ராத்திரி சோறு தனி. உங்கள் நாள் கவிழ்கிற இடம் ராத்திரிச் சாப்பாடு என்று நினைத்து அதைக் குறைப்பீர்கள். நிஜத்தில் கவிழ்கிற இடம் இந்த ஒன்றரை மணி நேரம். பஸ் நிலையத்தில் நின்று கத்தோ பிமானோடு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டே முக்காலுக்கு, பள்ளியை விட்டு வெளியே வரும் முன்பே, ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலையோ அவித்த நிலக்கடலையோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிடுங்கள். வயிறு நிறைந்தவளுக்கு அந்த வாசனை வெறும் வாசனை. டப்பாவை முந்தின ராத்திரியே கைப்பையில் வைக்க வேண்டும். காலையில் வைக்கிறேன் என்று சொல்கிற டப்பா ஃப்ரிட்ஜிலேயேதான் இருக்கும்.

டால் பூரியே சாப்பிடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சனிக்கிழமை, கணவரோடு, உட்கார்ந்து, ஒரு ஜோடி. அதைச் சாப்பிட்டுவிட்டுப் பாவம் செய்தது போல மூலையில் உட்காராதீர்கள். விரதத்திடம் கடன் வாங்கக் கூடாத விஷயம் இதுதான். விரதத்தில் ஒரு துண்டு மீன் வாயில் பட்டால் பங்கம், போயிற்று, அந்த வருடம் காவடி இல்லை. உணவு மாற்றத்துக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனால் விரதம் இருந்து பழகியவர்களுக்கு அந்த எண்ணம் எலும்பில் ஊறியிருக்கிறது. அலூடா என்ற இனிப்புப் பால் பானம் ஒன்று குடித்தால் "சபதம் கெட்டது" என்று அன்றைக்கே வறுத்த நூடுல்ஸும் ஐஸ்கிரீமும் சேர்த்து முடித்துவிடுவார்கள். நான் தோற்றேன் என்றேனே, இப்படித்தான். நாற்பது வயதில் சர்க்கரையை முழுக்க விட்டேன், ஐந்து வாரம். ஆறாவது வாரம் ஒரு பிறந்தநாள் கேக். அதற்குப் பிறகு நான்கு மாதம் எடைக்கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். இத்தனைக்கும் அடுத்தவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில்!

குடிக்கிற சர்க்கரையைப் பற்றி இரண்டு வரி. சாதாரணக் கோலா 330 மில்லி டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஏழு ஸ்பூன். 2013-லிருந்து நம் நாட்டில் குளிர்பானத்தில் உள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி வாங்குகிறார்கள், காரணம் இதுதான். வீட்டில் பாட்டில் இருந்தால் குடிப்பீர்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுவீர்கள். டீயில் மூன்று ஸ்பூனை இரண்டாக்குங்கள், ஒரு மாதம் கழித்து ஒன்றாக்குங்கள். நாக்குக்கு அவ்வளவு நாள் போதும்.

தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும். இதற்காகக் கடல் தாண்டி வரும் கீன்வாவைத் தேட வேண்டாம். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் எல்லோரும் பிபங்காய் என்று சொல்வது நம் பீர்க்கங்காயைத்தான், ப்ரேட் முரூம் என்பது முருங்கைக்கீரை. நம் முன்னோர் பெயரோடு சேர்த்துக் கொண்டுவந்த காய்கள் சந்தையில் மலிவாகக் கிடக்கின்றன. கீரையை பூய்யோனாக, அதாவது தண்ணீர்ச் சாறாக, வைத்தால் எண்ணெயே வேண்டாம். சோறு இருக்கட்டும், ஆனால் சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் ஒரே வேளையில் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்ததும் அலமாரியில் நிரப்புகிற பிஸ்கட்டும் உடனடி நூடுல்ஸும் புயல் கடலோடு போன பிறகும் ஒரு மாதம் வீட்டில் இருக்குமே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். என் வீட்டில் இதற்காகவே சார்டின் டின்னும் கடலையும் வாங்குகிறேன். அவற்றை யாரும் சும்மா கொறிப்பதில்லை.

ஜிம்மை விடுங்கள். ஒன்பது நாள் போனதற்கு வருந்தவும் வேண்டாம். அது உங்கள் வழியில் இல்லாத இடம். உங்களைப் போல சர்க்கரை நோயின் எல்லையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2002-ல் முடிவு வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது, இவை இரண்டும்தான் அவர்களுக்குக் கொடுத்த இலக்கு. எல்லோரும் அதை எட்டிவிடவில்லை. இருந்தும் சுமார் மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இருபது கிலோ இல்லை! கல்யாண ஆல்பத்தில் இருக்கிற இடுப்பு திரும்பி வராது, அது என் கையிலும் இல்லை. ஆனால் 6.1 திரும்பிப் போக இந்த ஐந்தே முக்கால் கிலோவே போதுமானதாக இருக்கலாம்.

150 நிமிடத்தை எங்கே எடுப்பது? இரவுச் சாப்பாடு முடிந்ததும் கால் மணி நேரம், கணவரையும் இழுத்துக்கொண்டு. சாப்பிட்ட உடனே நடந்தால் ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. அது தினமும் நடந்தாலே நூறு நிமிடம் தாண்டிவிடும். மெட்ரோவில் போகிற நாளில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் கியூர்பிப் போய் த்ரூ ஓ சேர்ஃப் எரிமலை வாயைச் சுற்றி நடங்கள், அங்கே உங்கள் வயதில் நிறையப் பெண்கள் நடக்கிறார்கள். மழை நாளில் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்து தடவை, மூன்று சுற்று. தசை கரையாமல் இருக்க அதுவும் வேண்டும்.

கணவரும் மாமியாரும் சிரிப்பதைப் பற்றி. அவர்களிடம் "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். கணவரிடம்: வார நாளில் வீட்டுக்கு டால் பூரி கொண்டுவர வேண்டாம். மாமியாரிடம் இன்னும் எளிது: விரத நாளில் வைக்கிற அந்தக் கீரையையும் ரசத்தையும் வாரத்துக்கு இரண்டு நாள் வைத்துக்கொடுங்கள் அம்மா, உங்கள் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை, அவருக்கும் சந்தோஷம். இளைப்பதற்காக என்று சொன்னால் சிரிப்பார், அவர் ரசத்துக்காக என்று சொன்னால் அடுப்பை மூட்டுவார்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். அது மோசடி இல்லை, பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது, வாந்தி போன்ற தொந்தரவும் உண்டு, செலவும் அதிகம். அது வேண்டுமா என்பதை உங்கள் ரத்தத்தையும் குடும்ப வரலாற்றையும் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்பதை மட்டும் தொடாதீர்கள். டாக்டரைப் பார்க்கும்போது தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். உங்கள் வயதில் அது நான் எல்லோருக்கும் சொல்வது.

எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை காலை, வெறும் வயிற்றில். திங்கட்கிழமை வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமையின் எடை. மாதத்துக்கு ஒரு தடவை இடுப்பைச் சுற்றி டேப் வைத்துப் பாருங்கள், நம்மைப் போன்ற இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்து எடுங்கள், அது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைத்தான் காட்டும். அதற்கு முன்னால் எடுப்பது காசுக்குக் கேடு.

கடைசியாகக் கல்யாணம். ஏழு கறியில் எதையும் விடவேண்டாம். இலையில் முதலில் சோறு விழும்போது கையைக் காட்டி, வழக்கமாக வாங்குவதில் பாதி வாங்குங்கள். பூசணி, பலாக்காய், வாழைக்காய், கீரை எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள், கீரையை இரண்டாம் தடவை கேளுங்கள். சோறு இரண்டாம் தடவை வரும்போது ரசம் குடித்துக்கொண்டிருங்கள். பாயசம் ஒரு கப், நிதானமாக. அன்றைக்குக் காலையில் பட்டினி கிடந்துவிட்டு இலை முன்னால் உட்காராதீர்கள், அது இன்னும் ஆபத்து. மறுநாள் எடைக்கருவி பக்கம் போகவேண்டாம். ஒரு கிலோ கூடியிருக்கும், அதில் பெரும்பகுதி அப்பளமும் ஊறுகாயும் பிடித்து வைத்த தண்ணீர். புதன்கிழமை வரட்டும்.